வெயிலை விடுங்கள், கிணற்றைப் பாருங்கள்

வணக்கம் அண்ணா,

நான் கிளிநொச்சிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். இப்போது அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரத்தில் இருக்கிறேன். பாலைவனத்துக்குள் கட்டிய நகரம். அண்மையில் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சில கூடியிருந்தபோது, இந்த ஊரில் எங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று கதை வந்தது.

மாரியில் ஸ்னோ அள்ளத் தேவையில்லை என்று ரொறன்ரோவில் இருந்து வந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். பின்னேர வானத்தின் நிறம், ஆள் மாதிரி கையை உயர்த்தி நிற்கும் சவாரோ கள்ளி, மழை பெய்ததும் கிரியோசோட் பற்றையில் இருந்து எழும் வாசம், வருடத்தில் இரண்டு தரம் மணிக்கூட்டைத் திருப்பி வைக்கும் தொல்லை இல்லாதது என்று வேறு சிலர் சொன்னார்கள். முருங்கை வளர்கிறது என்று நான் சொன்னேன்.

பிடிக்காததைச் சொல்லத் தொடங்கினால் முடியாது. ஜூனில் இருந்து செப்டெம்பர் வரை வீட்டுக்குள் மறியல். 2023இல் தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 110 பாகை பரனைட்டுக்குக் குறையவில்லை, உங்கள் கணக்கில் 43க்கு மேல். கார் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வரும். தேள், புழுதிப்புயல், கரண்ட் பில்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், "இந்த வெயிலைத் தாங்கிற எங்களுக்கு வன்னி வெயில் என்ன? ஓய்வு எடுத்ததும் அப்பான்ர காணியில வீடு கட்டிக்கொண்டு போய் இருப்பம்" என்கிறார். ஒரு பாலைவனத்தில் இருந்து இன்னொரு பாலைவனத்துக்கா என்று மகன் சிரிக்கிறான். நீங்கள் அங்கேயே இருக்கிறவர். அங்குள்ள சனத்துக்கு என்ன பிடிக்கிறது, என்ன பிடிக்கவில்லை? ஊர்ப்பாசக் கவிதை வேண்டாம் அண்ணா, உள்ளதை எழுதுங்கள்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்ட வாசகி, பீனிக்ஸ்)

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் மகனுக்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள். பீனிக்சில் வருடம் முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ ஏழு அங்குலம், அதாவது 180 மில்லிமீற்றர். வன்னியில் சராசரியாக 1,200 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. ஆறு மடங்குக்கும் கூட. இதைப் பாலைவனம் என்றால் மழை கோபித்துக்கொள்ளும். ஆனால் ஓகஸ்ட் மாதம் உங்கள் குழாயில் தண்ணீர் வருகிறது, சுட்டாலும் வருகிறது. இங்கே அதே மாதம் பல வளவுகளுக்கு பவுசர், அதாவது தண்ணீர் லொறி, வந்தால்தான் குடிதண்ணீர். நீங்கள் கேட்டதற்கு நான் சொல்ல இருப்பது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

கடிதத்தைப் படித்த பிறகு கடையடியிலும் கோயிலடியிலும் தெரிந்த ஆட்களிடம் உங்கள் கேள்வியை அப்படியே கேட்டுப் பார்த்தேன். "ஏன் தம்பி, எங்களைத் திரும்பவும் எங்கையும் எழும்பிப் போகச் சொல்லப் போறாங்களோ?" என்று ஒரு ஐயா என்னையே திருப்பிக் கேட்டார். 2009ஐக் கடந்து வந்த ஊரில் இப்படியான கேள்வியைச் சும்மா கேட்க முடியாது. விளங்கப்படுத்திய பிறகுதான் கதைத்தார்கள்.

பிடித்ததாக அவர்கள் சொன்னவற்றில் பாதிக்கு மேல் கோடைக்காலத்துச் சங்கதிகள். வைகாசி, ஆனியில் காட்டில் பழுக்கும் பாலைப்பழம். ஏ-9 வீதிக் கரையில் வைத்து விற்பார்கள், நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆசைக்கு இரண்டு கை அள்ளித் தின்றால் பால் பிடித்து உதடு ஒட்டிக்கொள்ளும், பிறகு தேங்காய் எண்ணெய் பூசி உரஞ்ச வேண்டும். குளம் வற்றி வரும்போது கிடைக்கும் விரால். சோளகம் வீசுகிற இரவில் முற்றத்தில் கட்டிலைப் போட்டுப் படுப்பது. அப்புறம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். வைகாசி வெயிலில் தார் வீதியில் வெறுங்காலோடு நடந்து போகிற சனம் அந்த வெயிலைப் பற்றி ஒரு சொல் முறைப்பாடு செய்து நான் கேட்டதில்லை. கடல் தண்ணீரில் விளக்கெரிகிற இடத்துக்குப் போகிறவர்களுக்கு வெயில் ஒரு பொருட்டா?

எல்லோரும் சொன்ன இன்னொன்று, வெளி. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வளவு. பக்கத்து வீட்டுச் சண்டை கேட்காது. கேட்க வேண்டுமென்றால் வேலிக்கு நடந்து போக வேண்டும் என்று ஒரு அக்கா சொன்னார். அவர் நடந்து போகிறவர்தான்.

பிடிக்காதது என்று கேட்டபோது வெக்கையை யாரும் முதலில் சொல்லவில்லை. காட்டோரத்து ஆட்கள் யானை என்றார்கள். பெடியள் வேலை இல்லை என்றார்கள். கிரவல் ஏற்றுகிற டிப்பர் கிளப்பும் புழுதியில் பிள்ளைக்கு இழுப்பு வருகிறது என்று ஒரு தாய் சொன்னார். ஆனால் பெண்களில் அநேகமாக எல்லோரும் முதலில் சொன்னது தண்ணீர்.

மழை வேண்டிய அளவு பெய்கிற ஊரில் தண்ணீருக்கு என்ன குறை என்று மகன் கேட்பான். மழை இங்கே ஒக்டோபரில் தொடங்கி ஜனவரியோடு அநேகமாக முடிந்துவிடும். மீதி மாதங்களுக்கு அதைக் குளத்திலும் நிலத்துக்கடியிலும்தான் பிடித்து வைத்திருக்க வேண்டும். நிலத்துக்கடியில் இருப்பது பல இடங்களில் கல் தண்ணீர், கடற்கரைப் பக்கம் உவர். கேத்தில் அடியில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை படியும், கரண்டியால் சுரண்டினால் செதிலாக வரும். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோய் வந்தவர்களைக் கண்ட சனத்துக்கு அந்த வெள்ளையைப் பார்த்தாலே பயம். அந்த நோய்க்குத் தண்ணீர்தான் காரணம் என்று விஞ்ஞானிகள் இன்னும் அறுதியாகச் சொல்லவில்லை. இருந்தாலும் குடிக்கிறவருக்குப் பயம் பயம்தான். அதனால் வசதி உள்ளவர்கள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கானைக் கட்டிக்கொண்டு போய், இயந்திரத்தில் வடிகட்டிச் சுத்திகரித்த ஆர்.ஓ. தண்ணீர் வாங்குகிறார்கள்.

மற்றவர்களுக்குப் பிரதேச சபை பவுசர். படலையடியில் நீலப் பரல், அதற்குப் பக்கத்தில் பழைய பெயின்ற் வாளி, மூடி தொலைந்த கான் என்று வரிசை வைத்திருப்பார்கள். பவுசர் காலையில் வருமா பின்னேரம் வருமா என்பது சாரதிக்கே தெரியாது. வீட்டில் ஒரு ஆள் நின்றே ஆக வேண்டும். "வெயிலுக்கு மரத்துக்குக் கீழ போய் இருக்கலாம் தம்பி. பவுசர் வாற நாளில வளவை விட்டு அசையேலாது, கூலி வேலைக்கும் போகேலாது" என்றார் ஒரு அம்மா. உங்களை வெக்கை வீட்டுக்குள் பூட்டுகிறது, அவரைப் பவுசர் பூட்டுகிறது.

இனி உங்கள் பக்கத்தைப் பாருங்கள். அரிசோனா பாலைவனம் தண்ணீர் இல்லாமலே தண்ணீரோடு இருக்கிறது. கொலராடோ ஆற்றுத் தண்ணீரை 336 மைல் நீளக் கால்வாயில், மோட்டார் போட்டு மேட்டில் ஏற்றி, பீனிக்சுக்கும் டூசானுக்கும் கொண்டுபோகிறார்கள். பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனை வரை எங்கள் தீவை நீட்டி அளந்தாலும் அந்தக் கால்வாயின் நீளம் வராது. 1980இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி பீனிக்ஸ் போன்ற இடங்களில் புதிதாகக் காணி பிரித்து வீடு கட்டி விற்கிறவர், 100 வருடத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்ட இயலாது, நிலத்தடி நீரை மட்டும் நம்பிய புதிய வீட்டுத் திட்டங்களுக்கு இனி அனுமதி இல்லை என்று 2023இல் பீனிக்ஸ் சுற்றுவட்டாரத்துக்கு அறிவித்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே காணி விற்கிறவரிடம் 100 நாளைக்குத் தண்ணீர் இருக்குமா என்று கேட்டால் அவர் மேலே வானத்தைத்தான் காட்டுவார்.

அதற்காக அங்கே எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. 2021இல் கொலராடோ ஆற்றுக்கு முதல் தடவையாகத் தட்டுப்பாடு அறிவித்து அரிசோனாவின் பங்கை வெட்டியபோது அடி விழுந்தது அங்கும் கமக்காரர்களுக்குத்தான். 2018இல் சிறு தொகை மின்கட்டணப் பாக்கிக்காகக் கரண்டை வெட்ட, ஒரு மூதாட்டி வீட்டு வெக்கையிலேயே இறந்து போனார். அதன் பிறகுதான், 2019இல், பாக்கிக்காகக் கோடையில் மின்சாரம் துண்டிக்கக் கூடாது என்று விதி வந்தது. 2023 கோடையில் பீனிக்ஸ் இருக்கிற மரிகோபா கவுண்டியில் மட்டும் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர்.

உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள்: 43 பாகையை அவர் தாங்கவில்லை, ஏசி தாங்கியது. இங்கே 36, 37 தான், ஆனால் வியர்வை காயாது. பீனிக்சில் வியர்ப்பது தெரியாமலே காய்ந்துவிடும் என்கிறார்கள். இங்கே சேட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். முதல் சித்திரையில் அவர் விசிறியோடு படுகிற பாட்டை நீங்கள் எனக்கு எழுதத்தான் போகிறீர்கள். இரண்டாம் வருடம் பழகிவிடும். அதிகாலையில் வேலை, பத்து மணிக்குப் பிறகு நிழல், நாலு மணிக்குத் திரும்ப வெளியே என்று நாளைப் பிரித்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

பழக முடியாதது தண்ணீர் இல்லாமை. ஆகவே அப்பாவின் காணியை நல்லாய் விசாரியுங்கள். நான் முதலில் கேட்பது, அது கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவின் வாய்க்காலுக்குக் கீழே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைத்தான். இந்த வித்தியாசம் வெளிநாட்டில் இருந்து காணி வாங்குகிற பலருக்குத் தெரியாது. குளத்துக்குக் கீழே வயலுக்குப் பாய்கிற தண்ணீர் ஊறித்தான் சுற்றியுள்ள கிணறுகள் கோடையிலும் தாக்குப் பிடிக்கின்றன. மாரியில் விதைக்கிற காலபோகம் மழையோடு போய்விடும். கோடையில் குளத்துத் தண்ணீரில் செய்கிற சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று வருடா வருடம் கூட்டம் வைப்பார்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தார் குளத்தில் இத்தனை அடி தண்ணீர் என்று வாசிப்பார்கள். இருபதினாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிற குளத்தின் கீழ், அந்த அடிக்கணக்கில்தான் ஒருவருக்கு அரை ஏக்கரா கால் ஏக்கரா என்று பங்கு விழும். நான் போயிருந்த கூட்டமொன்றில் வாய்க்கால் கடைசியில் வயல் வைத்திருக்கும் ஒருவர், "மேல் வாய்க்கால்காரர் குளிச்ச தண்ணிதான் எங்களுக்கு வரும், அதையாவது எழுத்தில தாங்கோ" என்று கத்தினார். சிரித்தார்கள், ஆனால் கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். பங்கு குறைகிற வருடம் வயல் மட்டும் இல்லை, அடுப்படிக் கிணறும் குறையும். (இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுப்பதா என்று நடந்த இழுபறி ஏன் அவ்வளவு சூடாக இருந்தது என்பது இதில் விளங்கும். கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள், 2024இல். இதற்கு மேல் எழுதினால் எனக்கு இரண்டு பக்கமும் அடி விழும்.)

பள்ளமா என்றும் பாருங்கள். 2017 வறட்சியில் பவுசருக்குக் காத்திருந்த அதே குடும்பங்கள் சில, 2018 டிசெம்பரில் வெள்ளம் வந்தபோது பள்ளிக்கூடத்தில் போய் இருந்தன.

காணி பார்க்கத் தை மாதம் வராதீர்கள். அப்போது எல்லாக் கிணறும் வடிவாகத்தான் இருக்கும், எல்லாக் காணியும் பச்சையாகத்தான் இருக்கும். ஆவணியில் வாருங்கள். அயலில் நாலு வீட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கள், அந்த வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துப் பாருங்கள். ஒரு போத்தல் தண்ணீரை நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சோதித்து எடுங்கள்.

வீட்டைக் கட்டும்போது கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு தாங்கியும் சேர்த்துக் கட்டுங்கள். 100 சதுர மீற்றர் கூரையில் இங்கே வருடத்துக்கு விழுகிற மழை 120,000 லீற்றர். நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 40 லீற்றர் போட்டால் ஆறு மாதத்துக்கு 7,200 லீற்றர்தான். சேதாரம் போக, 10,000 லீற்றர்த் தாங்கி ஒன்று தாராளமாகக் காணும். முதல் மழையைக் கழுவ விட்டுவிடுங்கள். கூரைக்கு அஸ்பெஸ்டஸ் வேண்டாம், ஓடு போடுங்கள். வெக்கைக்கும் அதுதான் நல்லது. கிழக்கிலும் மேற்கிலும் நிழலுக்கு மரம் இப்போதே வைப்பிக்கலாம். வேம்பு நடுவதற்கு நீங்கள் ஓய்வெடுக்கும் வரை பொறுத்திருக்கத் தேவையில்லை.

காணி எந்த வாய்க்கால் பக்கம், காட்டுக்கு எவ்வளவு கிட்ட என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்தில் கிணறு வெட்டுகிற ஆள் ஒருவரை எனக்குத் தெரியும், எத்தனை அடியில் என்ன தண்ணீர் வரும் என்று அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.