ஒரு சர்வீஸ் தவறிவிட்டால் வாரண்டி மொத்தமும் போய்விடுமா?

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன், உடனே எழுத முடியவில்லை, மன்னிக்கவும். நீங்கள் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். ஐந்து மாதத்துக்கு முன்னால் சிங்கப்பூரில் ஒரு டீலரிடம் நான்கு வயதான கார் வாங்கியிருக்கிறீர்கள். புதுக் காரோடு வந்த ஐந்து வருட வாரண்டியில் இன்னும் சில மாதம் பாக்கி இருக்கிறது. வாங்கின அடுத்த மாதமே சர்வீஸ் வந்தது, ஆனால் அப்பாவுக்குக் கால் எலும்பு முறிந்து நீங்கள் ஊருக்கு ஓடவேண்டியதாகிவிட்டது. மூன்று மாதம் தாமதமாக, அதுவும் காக்கி புக்கிட்டில் ஒரு வெளி ஒர்க்ஷாப்பில் ஆயில் மாற்றினீர்கள். போன வாரம் ஏர்கான் கம்ப்ரசர் போய்விட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் "சர்வீஸ் விட்டுப்போயிருக்கிறது, வெளியே வேறு செய்திருக்கிறீர்கள், வாரண்டி செல்லாது, 1,900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். மனைவிக்கு ஏழாவது மாதம், ஏர்கான் இல்லாமல் முடியவில்லை. பணத்தைக் கட்டிவிடலாமா, புகார் செய்தால் இங்கே வேலை செய்ய அனுமதிக்கும் பாஸுக்கு ஏதாவது பிரச்சினை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பாஸ் விஷயம், ஏனென்றால் அந்தப் பயம்தான் உங்களைப் பேசவிடாமல் வைத்திருக்கிறது. வந்த புதிதில் எங்களுக்கும் இருந்தது. இங்கே உள்ள பயனீட்டாளர் சட்டம் காசு கொடுத்து வாங்கினவரைத்தான் பார்க்கிறது, அவர் குடியுரிமை உள்ளவரா, பாஸில் வந்தவரா என்று பார்ப்பதில்லை. வாங்கின பொருளுக்கு ஒரு கடைக்காரரோடு வழக்காடுவது இரண்டு பேருக்கு இடையிலான பணத் தகராறு, அவ்வளவுதான், குற்றம் எதுவும் இல்லை. அதற்கும் உங்கள் பாஸுக்கும் சம்பந்தமே கிடையாது. உங்கள் பேரில் இருக்கிற சிங்பாஸை, அதாவது அரசாங்க இணையச் சேவைகளுக்கான கணக்கை வைத்தே எல்லாவற்றையும் தாக்கல் செய்யலாம்.

சரி, வாரண்டிக்கு வருவோம். 2018இல் எங்களுக்கும் இதே கதை நடந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்த வருஷம், 40,000 கிலோமீட்டர் சர்வீஸ் எங்கள் நினைவிலேயே இல்லை, போனபோது 52,000 ஓடியிருந்தது. அதற்கப்புறம் கொஞ்ச நாளில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி வண்டி குலுங்க ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் ஒரு கண்ணாடி மேசை, அதன்மேல் ஒரு டேப்லெட், அதில் 4,200 வெள்ளி என்று போட்டு, விரலால் கையெழுத்துப் போடும் கட்டத்தைக் காட்டினார் அந்தத் தம்பி. மரியாதையாகத்தான் பேசினார், தண்ணீர்கூடக் கொடுத்தார். "சர்வீஸ் ரெக்கார்டில் இடைவெளி இருக்கிறது, சிஸ்டம் வாரண்டியை ஏற்காது" என்றார். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடக் கையை நீட்டிவிட்டார். நான்தான் பிடித்து இழுத்தேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. விட்டுப்போன அந்த சர்வீஸில் கியர்பாக்ஸுக்கு என்ன வேலை செய்திருப்பீர்கள்? அவரிடம் பதில் இல்லை. வாரண்டிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கும், எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்றவேண்டும், எதைச் சோதிக்கவேண்டும் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருப்பார்கள். எங்கள் புத்தகத்தில் 40,000க்கு நேரே எஞ்சின் ஆயில், ஃபில்டர், பிரேக் சோதனை, டயர் மாற்றிப் போடுவது, இவ்வளவுதான். கியர்பாக்ஸ் ஆயில் வரிசையில் அந்தக் கட்டம் காலி, 80,000இல்தான் குறி இருந்தது. அந்தக் காலிக் கட்டத்தை விரல் வைத்துக் காட்டினேன். "இதை எழுத்தில் மறுத்துக் கொடுங்கள், எந்த ஷரத்தின்படி, எந்தக் காரணத்தால் என்று போட்டுக் கொடுங்கள்" என்றேன். ஒன்பது நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். பாகத்தை வாரண்டியில் போட்டுத் தருகிறோம், கூலி 600 வெள்ளி மட்டும் நீங்கள் கொடுங்கள் என்றார்கள். அந்த 600ஐயும் கொடுத்திருக்கக்கூடாது என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது, ஆனால் மடியில் கைக்குழந்தையோடு அதற்குமேல் மல்லுக்கட்ட அன்றைக்குத் தெம்பில்லை.

ஆகவே உங்கள் புத்தகத்தையும் எடுத்து அந்த அட்டவணையைப் பாருங்கள். நீங்கள் தவறவிட்ட சர்வீஸில் கம்ப்ரசருக்கு என்று ஏதாவது வேலை போட்டிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. உள்ளே காற்று வரும் ஃபில்டரைத் தட்டிப் போடுவார்கள் அல்லது மாற்றுவார்கள், அது அடைத்தால் காற்று குறையுமே தவிர கம்ப்ரசர் உடையாது. கம்ப்ரசருக்குள் ஓடும் ஆயில் கேஸோடு சேர்ந்து மூடின குழாய்க்குள்ளேயே சுற்றுவது, எஞ்சின் ஆயிலுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. எஞ்சின் ஆயிலை மூன்று மாதம் தாமதமாக மாற்றினதால்தான் கம்ப்ரசர் போயிற்று என்று சொல்கிறவர்கள், எப்படி என்று விளக்கவேண்டும். அதை அவர்கள் வாயால் சொல்லவையுங்கள், எழுத்தில்.

இதைப் படித்துவிட்டு சர்வீஸ் போகாவிட்டாலும் பரவாயில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். உட்லண்ட்ஸில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் தொடர்ந்து இரண்டு சர்வீஸை விட்டுவிட்டார், டர்போ போனது. டர்போவின் உயிரே எஞ்சின் ஆயில்தான். மூடியைக் கழற்றியபோது ஆயில் கருப்புத் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்ததைப் படம் எடுத்துக் காட்டினார்கள், அவரால் ஒன்றும் பேசமுடியவில்லை. எது போனது, எதனால் போனது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்து, புத்தகத்தில் அவர்கள் என்ன வார்த்தை போட்டிருக்கிறார்கள் என்று நிதானமாகப் படியுங்கள். "பராமரிப்பு இல்லாததால் ஏற்படும் பழுதுக்குப் பொறுப்பில்லை" என்பது ஒன்று. "அட்டவணைப்படி சர்வீஸ் செய்யாவிட்டால் வாரண்டி முழுவதும் செல்லாது" என்பது வேறு ஒன்று. முதலாவதாக இருந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. இரண்டாவதாக இருந்தால் வேலை கொஞ்சம் கஷ்டம், ஆனாலும் கேட்கலாம், ஏனென்றால் ஷரத்தைத் தாண்டி "குட்வில்" என்று பாதி செலவை ஏற்கும் வழக்கம் இங்கே உண்டு. கவுண்டரில் இருப்பவருக்கு அதைக் கொடுக்கும் அதிகாரம் இருக்காது. மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினால்தான் அது நகரும்.

வெளி ஒர்க்ஷாப்பில் செய்தீர்கள் என்ற காரணத்தை மட்டும் தயவுசெய்து ஏற்றுக்கொள்ளாதீர்கள். முன்பெல்லாம் வெளியே ஒரு தடவை சர்வீஸ் செய்தாலே வாரண்டி போய்விடும் என்று எழுதி வைத்திருந்தார்கள். வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கவனிக்கும் போட்டி ஆணையம் இதை விசாரித்து, 2017 டிசம்பரில் இங்குள்ள முக்கியமான கார் டீலர்கள் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். அதற்கப்புறம், வெளி ஒர்க்ஷாப் செய்த வேலையால்தான் பழுது வந்தது என்றால் மட்டும் மறுக்கலாம், வெளியே போனது என்பதற்காகவே மறுக்கக்கூடாது என்பதுதான் நிலைமை. ஆனால் ஒன்று கவனியுங்கள், இது எங்கே செய்தோம் என்பதைப் பற்றியது. எப்போது செய்தோம் என்ற தாமதத்துக்கு இது பதில் ஆகாது, இரண்டையும் ஒன்றாகக் கலந்து வாதாடினால் அவர்கள் சுலபமாக உங்களை மடக்கிவிடுவார்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு இதுதான் உங்கள் கையில் இருக்கிற பெரிய ஆயுதமாகத் தெரிகிறது. நீங்கள் சர்வீஸ் சென்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், காரை விற்ற டீலரை மறந்துவிட்டீர்கள். இங்கே லெமன் லா என்று ஒரு சட்டம் 2012 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய காருக்கும் அது செல்லும். பொருள் கையில் வந்த ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், விற்கும்போதே அது இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்கவேண்டியது விற்றவர். ஆறு மாதம் தாண்டிவிட்டால் நிரூபிக்கும் சுமை நம் தலையில். நீங்கள் கார் எடுத்து ஐந்து மாதம்தான் ஆகிறது, தம்பி! முதலில் அவர் நியாயமான நேரத்துக்குள் தன் செலவில் பழுதுபார்த்துத் தரவேண்டும் அல்லது மாற்றித் தரவேண்டும், அது முடியாவிட்டால் விலையில் கழிவு கேட்கலாம், மிஞ்சிப்போனால் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். ஒரு கம்ப்ரசருக்குப் பழுதுபார்ப்பதுதான் நடக்கும், அதுவே போதும்.

டீலர் என்ன சொல்வார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். "நாங்கள் கொடுத்தது எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி மட்டும்" என்பார். அது அவராகக் கொடுத்த வாரண்டி, இது சட்டம் கொடுத்த உரிமை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இதை எழுதி அழிக்கமுடியாது. "நான்கு வயது வண்டி, தேய்மானம்" என்பார். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு, பழைய பொருளின் வயதையும் விலையையும் பார்த்துத்தான் தீர்ப்பார்கள், பிரேக் பேட், டயர், பேட்டரி என்று போனால் எடுபடாது. ஆனால் நான்கு வயதில் கம்ப்ரசர் போவதை தேய்மானம் என்று ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. விற்றது டீலர்தானா, அல்லது வேறொரு சொந்தக்காரருக்காக அவர் இடையில் நின்றாரா என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் பாருங்கள், ஏனென்றால் தனி ஆள் தனி ஆளுக்கு விற்பதற்கு இந்தச் சட்டம் வராது.

இன்றைக்கே இரண்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், ஒன்று காரை விற்ற டீலருக்கு, ஒன்று கம்பெனி சர்வீஸ் சென்டரை நடத்தும் விநியோகஸ்தருக்கு. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிவிட்டு விட்டுவிடாதீர்கள். என்றைக்குக் கார் எடுத்தீர்கள், என்றைக்குக் குளிர் நின்றது, யார் என்ன சொன்னார், உங்களுக்கு என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும், அவ்வளவு எழுதினால் போதும். கோபம் வேண்டாம், அப்பாவின் கதையை ஒரு வரியில் சொல்லுங்கள், அதற்குமேல் வேண்டாம். ரசீதுகளையெல்லாம் படம் எடுத்து இணையுங்கள். காக்கி புக்கிட் ரசீதை டேஷ்போர்டு பெட்டியில்தானே வைத்திருக்கிறீர்கள்? உடனே வெளியே எடுங்கள். அந்த வழவழப்பான ரசீதுத் தாளுக்கு இந்த ஊர் வெயிலில் ஆயுசு கிடையாது. நான் அப்படி வைத்திருந்த ஒரு ஆயில் ரசீது, தேவைப்பட்ட அன்றைக்கு வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது, சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கடை முத்திரை மட்டும் லேசாகத் தெரிந்தது. ஒர்க்ஷாப்பில் கேட்டால் மறுபடி அச்சடித்துக் கொடுப்பார்கள், முத்திரையும் போட்டு வாங்குங்கள். எல்லை தாண்டி மலேசியாவில், ஜோகூர் பாருவில் மலிவாகச் செய்கிறவர்களும் இதையே செய்யவேண்டும், ஆயில் டப்பாவின் படம் உட்பட.

அந்த வெளி ஒர்க்ஷாப்காரரிடமே கம்ப்ரசர் எதனால் போனது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஐம்பது நூறு வெள்ளி கேட்டாலும் கொடுக்கலாம். மனைவியின் நிலையை நினைத்துக் காத்திருக்க முடியாமல் நீங்களே பழுதுபார்க்க நேர்ந்தால், அதற்கு முன்னால் டீலருக்கு எழுதி, பழுதுபார்க்க வாய்ப்புக் கொடுத்து, நாள் குறித்துச் சொல்லுங்கள். பழைய கம்ப்ரசரைத் தூக்கிப்போட விடாதீர்கள், துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கார் கடன் தவணையை மட்டும் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வம்பு.

பதில் வராவிட்டால் கேஸ் (CASE) என்று எல்லோரும் சொல்லும் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, 1971இலிருந்து இருக்கிறது. அவர்கள் உங்கள் சார்பில் பேசுவார்கள், சமரசத்துக்கு உட்காரவைப்பார்கள், ஆனால் யாரையும் கட்டாயப்படுத்த அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அதுவும் சரிவராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ், அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். உங்கள் 1,900 வெள்ளிக்குத் தாக்கல் கட்டணம் 10 வெள்ளி. வக்கீல் வைத்துக்கொள்ள இரண்டு பக்கத்துக்கும் அனுமதி இல்லை, அதனால் எதிரே பெரிய கம்பெனியாக இருந்தாலும் அவர்களுடைய ஊழியர் ஒருவர்தான் வந்து உட்காருவார். என் தங்கை வீட்டுக்காரர் ஒரு சமையலறை ரெனோவேஷன் தகராறுக்குப் போய்வந்தார், இங்கிலீஷ் தடுமாறுகிறவர், தேதிவாரியாக அடுக்கின ஒரு கோப்பை மட்டும் எடுத்துப்போனார், பேசவேண்டியதை அந்தக் கோப்பே பேசியது என்றார். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

உங்கள் வழக்கு அதுவரைக்கும் போகாது என்றுதான் நினைக்கிறேன். டீலரே பாகத்தைப் போட்டுத் தர முன்வருவார், அல்லது இரண்டு பேரும் பாதிப் பாதி என்பார்கள். 300, 400 வெள்ளியில் முடித்துக்கொள்ளலாம் என்றால், ஏழாவது மாதத்தில் இருக்கிற மனைவியை நினைத்து முடித்துக்கொள்ளுங்கள், நான் தப்புச் சொல்லமாட்டேன். முழு 1,900ஐயும் உங்கள் தலையில் கட்டினால் விடாதீர்கள். ஒரு லட்சம் வெள்ளியைக்கூடத் தாண்டுகிற சிஓஇயோடு, அதாவது கார் வைத்துக்கொள்ளும் உரிமச் சான்றிதழோடு சேர்த்துக் கார் வாங்குகிற ஊர் இது, அவ்வளவு கொடுத்த பிறகு நம் உரிமையைக் கேட்க நாம் ஏன் கூச்சப்படவேண்டும்?

விற்பனை ஒப்பந்தத்தில் டெலிவரி எடுத்த தேதி என்ன என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள், ஆறு மாதம் முடிய எத்தனை நாள் இருக்கிறது என்பதை அதை வைத்துத்தான் கணக்குப் போடவேண்டும். மின்னஞ்சலை எழுதிவிட்டு அனுப்புவதற்கு முன்னால் வேண்டுமானால் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அப்பா இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாரா?