டூர் போற எடத்துல சாப்பாடு, புத்தகம், கடைத்தெருன்னு சுத்துறது வீண் செலவா?

கேள்வி கேட்டவங்க சொல்லியிருக்கறது இதுதான்: வெளிமாநிலம் போனா கோயில், கோட்டையெல்லாம் பாக்குறதைவிட அந்த ஊர்ச் சாப்பாடு, புத்தகக் கடை, கடைவீதின்னு போறதுதான் எனக்குப் புடிக்குது, கூட வர்றவங்க "இதுக்கா இவ்வளவு காசு செலவழிச்சு வந்த"ன்னு திட்டுறாங்க, நான் செய்றது தப்பா?

தப்பே இல்லைங்க. நீங்களும் அநேகமா என்னை மாதிரி குடும்பத்தோட எட்டு பத்து பேரா போயிருப்பீங்க, ஒரு வேனைப் புடிச்சு காலைல ஆறு மணிக்கு எல்லாரையும் ஏத்தி, ஒரு நாளைக்கு ஏழு எடம்னு லிஸ்ட் போட்டு, எறங்கு போட்டோ எடு ஏறுன்னு ஓடியிருப்பாங்க, அதுல நீங்க ஒரு கடை வாசல்ல அஞ்சு நிமிஷம் நின்னா போதும், முகத்தைத் தூக்கி வச்சுக்குவாங்க. இந்தப் பேச்சை நான் ரெண்டு வருஷம் வாங்கியிருக்கேன். அதனாலதான் அடுப்படி வேலையெல்லாம் முடிச்சுட்டு ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து எழுதுறேன்.

2023 டிசம்பர்ல கொல்கத்தா போனோம். நானும் எங்க வீட்டுக்காரரும், மதினி குடும்பமும், மதினி வீட்டு சம்பந்தி வீட்டுக்காரங்க மூணு பேரும். மூணு முழு நாள். முதல் நாள் தட்சிணேஸ்வரம், பேலூர் மடம், காளிகாட் எல்லாம் நானும் கூடவே போய் நல்லா கும்பிட்டேன், அதை முதல்லயே சொல்லிடுறேன், இல்லன்னா கீழ வந்து "சாமி கும்பிடக்கூட போகாத ஆளு"ன்னு எழுதுவீங்க. ரெண்டாம் நாள் திங்கக்கிழமை, விக்டோரியா மெமோரியல்னு போட்டிருந்தாங்க. திங்கக்கிழமை உள்ள மியூசியம் லீவு. தோட்டத்துல நின்னு வெளிய இருந்து பாத்துட்டு வரலாம், அவ்வளவுதான். இதை முந்துன நாள் ராத்திரியே சொன்னேன், யாரும் காதுல வாங்கல. அப்போ நான் காலேஜ் ஸ்ட்ரீட் போறேன், சாயங்காலம் ரூமுக்கு வந்துடுறேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவரு "தனியாவா போற, இரு நானும் வாரேன்"னு கெளம்பிட்டாரு. அங்க ஆரம்பிச்சதுதான். "மூணு நாளு கல்கத்தா போயி விக்டோரியா பாக்காம வந்த ஒரே ஆளு"ன்னு எங்க ஃபேமிலி குரூப்ல இன்னிக்கு வரைக்கும் எழுதுறாங்க.

அந்த திங்கக்கிழமை என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

மகாத்மா காந்தி ரோடு மெட்ரோ ஸ்டேஷன்ல எறங்கி பத்து நிமிஷம் நடந்தா காலேஜ் ஸ்ட்ரீட். அங்க பெங்காலியில இதை "போய் பாடா"ன்னு சொல்றாங்க, புத்தகப் பேட்டைன்னு அர்த்தம். 1817ல இந்து காலேஜா ஆரம்பிச்ச பிரசிடென்சி அங்கதான் இருக்கு, 1857ல ஆரம்பிச்ச கல்கத்தா யுனிவர்சிட்டியும் பக்கத்துலயே, அதுங்களோட கம்பி வேலியில சாஞ்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் தகரக் கொட்டாய்க் கடைங்க. ஆளு உக்காரத்தான் எடம் இருக்கு, மிச்சமெல்லாம் புத்தகம், தலைக்கு மேலயும் புத்தகம். முக்காவாசி பரீட்சை கைடு, இன்ஜினியரிங், மெடிக்கல்தான், அதை மறைக்கல. பழைய புத்தகத்துக்குப் பொறுமையா ஒவ்வொரு கடையா குனிஞ்சு பாக்கணும்.

ஒரு கடையில அட்டைப்பொட்டிக்குள்ள குழந்தைங்க புத்தகம் கொஞ்சம் செங்குத்தா நிறுத்தி வச்சிருந்தாரு. ஒண்ணொண்ணா தள்ளிக்கிட்டே வந்தேன். ஒண்ணுல கை நின்னுபோச்சு. பனி மூடுன காட்டுல ஒரு கரடி முதுகுல கூடையைச் சுமந்துக்கிட்டுப் போற படம். அந்தப் படம் எனக்குத் தெரியும். கூடையோட பின்னல் தெரியும், கரடி காலடியில பனி அமுங்கியிருக்கறது தெரியும், ஓரத்துல நிக்கிற அந்த ஒத்தை மரம் தெரியும். எழுத்து மட்டும் பெங்காலி.

எங்க அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்குப்பிள்ளை. எனக்கு ஏழு வயசு இருக்கும்போது பக்கத்து டவுன்ல புத்தகக் கண்காட்சி போட்டாங்க, அங்க நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்காரங்க மாஸ்கோவுல அச்சடிச்ச தமிழ்ப் புத்தகமெல்லாம் வச்சிருந்தாங்க. முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் பதிப்பகம்னு போட்டு வரும், எங்க வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். வழவழன்னு காயிதம், கலர் படம், விலையோ ரெண்டு ரூபா மூணு ரூபா. அப்பா எனக்கு வாங்கிக் குடுத்த முதல் புத்தகம் அது. தெனமும் ராத்திரி படிச்சுக் காட்டுவாரு, எனக்கு மனப்பாடம். 1991ல சோவியத் ஒடைஞ்சதோட அந்தப் புத்தகங்க வர்றதும் நின்னுபோச்சு, எங்க வீட்டுல இருந்ததை கரையான் தின்னுருச்சு. அப்பாவும் போயி பதினாலு வருஷமாச்சு. மாஸ்கோவுல ஒரே படத்தை வச்சு ஒவ்வொரு பாஷையிலயும் அச்சடிச்சு அனுப்பியிருக்காங்க, பெங்காலியிலயும் போட்டிருக்காங்க, அது எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

கடைக்காரருக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும், பழுப்புக் கலர்ல கம்பளி பனியன், கழுத்துல மப்ளர். நான் ரொம்ப நேரம் அதைக் கையிலயே வச்சிருக்கறதைப் பாத்துட்டு "திதி, பாங்லா ஜானேன்?"னு கேட்டாரு. தெரியாதுன்னு தலையாட்டுனேன். படிக்கத் தெரியாத புத்தகத்தை ஏன் வாங்குறேன்னு அவருக்குப் புரியல. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தியில, தாதா, இதே புத்தகம் எங்க பாஷையில சின்ன வயசுல படிச்சேன், அப்பா வாங்கிக் குடுத்ததுன்னு சொன்னேன். அவரு கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கிட்டு முதல் பக்கத்தை வாய்விட்டுப் படிச்சாரு. ஒரு வரி முடிச்சதும் நிறுத்துனாரு. நான் அதே வரியைத் தமிழ்ல சொன்னேன். அடுத்த வரி அவரு, அடுத்து நான். மூணு பக்கம் அப்படியே போச்சு. பக்கத்துக் கடைப் பையன் வந்து நின்னுட்டான், எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாரு. நாலாவது பக்கத்துல எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. பெரியவரு புத்தகத்தை மூடி, மண் குவளையில ரெண்டு டீ வரவழைச்சுக் குடுத்தாரு. 300 ரூபான்னு முன்னாடி சொன்னவரு, நான் பேரம் ஒண்ணும் பேசாமலே 200 போதும்னாரு. பின்னு துருப்புடிச்சு நடுப்பக்கம் தொங்குது, பழைய பேப்பர்ல சுத்தி சணல் கட்டித் தரும்போது அந்தப் பக்கம் மடங்காம பாத்துப் பாத்துக் கட்டுனாரு.

இதெல்லாம் ஆன்லைன்ல கிடைக்கும்னு மதினி மகன் சொல்றான். கிடைக்கலாம். எனக்கு வரிக்கு வரி படிச்சுக் காட்ட அங்க யாரு இருக்கா?

அங்கருந்து காபி ஹவுஸ். மாடியேறிப் போகணும், ஒசரமான கூரை, நீளக் கம்பியில தொங்குற ஃபேன், தாகூர் படம் பெருசா மாட்டியிருக்கும். தொழிலாளர் கூட்டுறவு சங்கமே நடத்துது, பரிமாறுறவங்க வெள்ளை உடுப்பு, விசிறி மாதிரி மடிச்ச தலைப்பாகை. பால் இல்லாத காபிக்கு இன்ஃப்யூஷன்னு பேரு. நம்ம ஃபில்டர் காபி நாக்குக்கு அந்த காபி பெருசா ஒண்ணுமில்ல, உள்ளதைச் சொல்றேன். ஆனா சிக்கன் கபிராஜி சாப்பிடணும், கட்லெட்டை முட்டை வலை போட்டு மூடுன மாதிரி, கத்தி வச்சா மொறமொறன்னு உடையும். எங்களை யாரும் எந்திரிங்கன்னு சொல்லல, ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்தோம். நானும் அவரும் கல்யாணமாகி அத்தனை வருஷத்துல அவ்வளவு நேரம் வேற யாரும் இல்லாம உக்காந்து பேசுனது கொஞ்சம்தான்.

சாப்பாட்டுல எனக்கு ரொம்ப நெருக்கமா பட்டது நோலேன் குர்ங்கற அவங்க குளிர்கால வெல்லம். எங்க தாத்தா பனையேறி, அதனால இதைக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நம்ம ஊர்ல பாளையைச் சீவி பதநீர் எறக்குறோம், வெயில் காலந்தான் சீசன். அங்க ஈச்ச மரத்துல கொண்டைக்குக் கீழ மரத்தையே செதுக்கி, ராத்திரி பானை கட்டி, விடியறதுக்கு முன்னாடி எறக்கிக் காய்ச்சுறாங்க, குளிர் இருந்தாத்தான் சாறு நல்லா வரும், வெயில் ஏறுனா புளிச்சுரும். அதனால டிசம்பர், ஜனவரிதான் நல்ல சமயம். அதுல செஞ்ச சந்தேஷ்ங்கற பால் இனிப்பு ஒண்ணை வாயில போட்டதும் கருப்பட்டியோட சித்தி மக மாதிரி ஒரு மணம், அந்தப் பொகை வாசனை உள்பட. ரசகுல்லா டின்ல அடைச்சு நம்ம ஊருக்கே வருது, இது அந்த ஊருல அந்த மாசத்துல போனாத்தான். கட்டியா காய்ச்சுனதுக்குப் பாட்டாலின்னு பேரு, ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்தேன்.

பிரியாணியில உருளைக்கிழங்கு போடுறாங்கன்னு கேலி பண்ணாதீங்க. 1856ல லக்னோவை இழந்து கல்கத்தாவுல மட்டியாபுருஜ்ங்கற எடத்துல வந்து தங்குன நவாப் வாஜித் அலி ஷாவோட சமையல்கட்டுல இருந்து வந்தது அதுன்னு சொல்வாங்க. அந்தக் கிழங்கு மசாலாவை இழுத்துக்கிட்டு வெண்ணெய் மாதிரி வரும், கறியை விட்டுட்டு அதைத்தான் முதல்ல தின்பீங்க. நியூ மார்க்கெட் உள்ள 1902ல ஆரம்பிச்ச நஹூம்ஸ்ங்கற யூதர் பேக்கரி இருக்கு, கிறிஸ்துமஸ் சமயம் கேக்குக்கு வரிசை வெளிய வரைக்கும் நிக்கும், நாங்களும் நின்னு வாங்குனோம்.

சேலைக்கு கரியாஹாட் போங்க. தாந்த்ங்கற பெங்கால் கைத்தறி காட்டன், பிரிக்கும்போதே கஞ்சியில காயிதம் மாதிரி சரசரங்கும். முதல் தடவை உப்புத் தண்ணியில அலசுங்கன்னு கடைக்கார அம்மா கையால செஞ்சே காட்டுனாங்க. ரெண்டு எடுத்தேன், இன்னிக்கும் ஆபீசுக்குக் கட்டுறேன்.

மதினி வீட்டுல மூணு நாளும் சாப்பாட்டுக்கு லேக் மார்க்கெட் பக்கம் போனாங்க, அங்க ரொம்ப காலமா தமிழ்க்காரங்க இருக்காங்க, இட்லி சாம்பார் கிடைக்கும், வாழையிலை முருங்கைக்காய் வரைக்கும் விக்குது. அதை நான் தப்பு சொல்லவே இல்ல. மதினிக்கு சுகர், நேரத்துக்குப் பழகுன சாப்பாடு வேணும், கடுகெண்ணெய் வாசனையும் அவங்களுக்கு ஒத்துக்கல. அவங்க இஷ்டத்தை நான் மதிச்சேன், என் இஷ்டத்துக்கும் அதே மரியாதையைத்தான் கேக்குறேன். காசு இருக்கவ பேசுறான்னு நெனைக்காதீங்க, சாப்பாடு, புத்தகம், சேலை, வெல்லம் எல்லாம் சேத்து எனக்கு 6,800 ரூபா, ஒரு வருஷமா சீட்டுக் கட்டிச் சேத்தது.

"இவ்வளவு தூரம் போயி புத்தகமா வாங்குன, நம்ம ஊர்ல லைப்ரரி இல்லியா"ன்னு சம்பந்தியம்மா கேட்டாங்க, அதுக்குப் பதில் சொல்லியே ஆகணும். எங்க ஊர் கிளை நூலகத்தை வந்து பாருங்க. நம்ம மாநிலத்துல 1948லயே நூலகச் சட்டம் போட்டாச்சு, வீட்டு வரி கட்டும்போது அதோட நூறு ரூபாய்க்குப் பத்து ரூபான்னு நூலக வரியும் நாமதான் கட்டுறோம், ரசீதை எடுத்துப் பாத்தா இருக்கும். ஆனா எங்க நூலகத்துல மழை வந்தா அலமாரி மேல தார்ப்பாய் போடுறாங்க. ரெண்டு வருஷமா குழந்தைங்க பகுதியில புதுசா ஒரு புத்தகம் வரல, மூணு தடவை மனு குடுத்தாச்சு. அங்க வேலை பாக்குற தம்பியைக் குத்தம் சொல்லல, பாவம், விளக்குமாறு கூட சொந்தக் காசுலதான் வாங்குறாரு. வரியைக் கட்டுற ஊருக்கு ஒழுகாத கூரை ஒண்ணு குடுக்கக்கூடாதா? கேள்விக்கு சம்பந்தமில்லைன்னு தெரியும், கேட்டதுனால சொல்றேன்.

நீங்க கொல்கத்தா போறதா இருந்தா காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் போகாதீங்க, முக்காவாசிக் கடை பூட்டியிருக்கும். திங்கக்கிழமை நல்லது, மியூசியமெல்லாம் லீவு, கூட வர்றவங்களும் ஒண்ணும் சொல்ல முடியாது. திரும்பும்போது ரயில்ல வாங்க, ஹவுரா மெயில் ஒரு நாளைக்கு மேல ஆகும், ஆனா புத்தகத்துக்கு மூணு கிலோ கூடுதல்னு ஏர்போர்ட்ல அத்தனை பேரு முன்னாடி பையைப் பிரிக்கச் சொல்ற நெலமை வராது. நாங்க அடுத்த தடவை ரயில்னு முடிவு பண்ணியாச்சு. அந்தப் பெரியவர் கடையில அதே பொட்டிக்குள்ள இன்னும் ஒண்ணு பாத்து வச்சேன், நரி படம் போட்டது, அன்னிக்குக் கையில காசு இல்ல.