45 வயதில் ஜூடோ போட்டிக்குப் போவதால் பயன் உண்டா?
பொழுதுபோக்காகப் பழகுகிறவருக்கு இந்த வயதில் போட்டி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். மூத்தவர்களுக்கான வெட்டரன் பிரிவு 30 வயதிலேயே தொடங்குகிறது. ஐந்தைந்து வயதாகப் பிரிப்பார்கள். 45 முதல் 49 வரையுள்ள ஆண்கள் பிரிவுக்கு எம்4 என்று பெயர். அதற்குள் எடைப் பிரிவும் உண்டு. சிறிய போட்டிகளில் ஆள் குறைந்தால் பிரிவுகளைச் சேர்த்துவிடுவார்கள், முன்பே விசாரியுங்கள்.

பெரிய பயன், உங்கள் ஆட்டத்தின் உண்மை நிலை தெரிவது. கூடப் பழகுகிறவர்களுக்கு உங்கள் பிடியும் வீச்சும் அத்துப்படி. சில சமயம் விட்டும் கொடுப்பார்கள். முன்பின் தெரியாதவர் கொடுக்க மாட்டார். பதற்றத்தில் முதல் நிமிடத்திலேயே மூச்சு வாங்கும், முன்கை இறுகிப்போகும். அதைச் சமாளிக்கப் பயிற்சிக்கூடத்தில் முழுதாகக் கற்க முடியாது. அப்புறம், தேதி குறித்துவிட்டால் பயிற்சியும் தூக்கமும் தானாக ஒழுங்குக்கு வரும். எடை குறைக்கப் பட்டினி மட்டும் வேண்டாம். இருக்கிற எடையிலேயே ஆடுங்கள்.