பதில்: புதிய வரி முறையில் விபிஎஃப் கூட்டலாமா?

மாத அடிப்படைச் சம்பளம் 60,000, புதிய வருமான வரி முறை, 20 சதவீத அடுக்கு, விபிஎஃப் (பிஎஃப் கணக்கில் நாமாக விரும்பிக் கூடுதலாகப் போடும் பணம்) கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டலாம் சார், ஆனால் அதற்கு முன்னால் எச்ஆரிடம் கார்ப்பரேட் என்பிஎஸ், அதாவது நிறுவனம் வழியாகச் சேரும் தேசிய ஓய்வூதியத் திட்டம், இருக்கிறதா என்று கேளுங்கள். புதிய முறையில் விபிஎஃப்புக்கு 80சி கழிவு (சேமிப்புக்கான வரிக் கழிவு) கிடையாது. நிறுவனம் உங்கள் பெயரில் என்பிஎஸ்ஸில் கட்டும் பணத்துக்கோ அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழிவு உண்டு, உங்களுக்கு மாதம் 8,400, வருடத்துக்கு வரியில் மட்டும் கிட்டத்தட்ட 21,000 மிச்சம். நீங்களே கையிலிருந்து கட்டினால் இது கிடைக்காது, ஸ்பெஷல் அலவன்ஸிலிருந்து பிரித்து நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் ஆபீஸில் யாரும் சொல்லவில்லை, நானாகக் கேட்பதற்குள் இரண்டு வருடம் போய்விட்டது, அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அப்புறம் விபிஎஃப். பே ஸ்லிப்பில் பிஎஃப் பிடித்தம் 7,200 (முழு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம்) என்று இருக்கிறதா, 1,800 (15,000 ரூபாய்க்கு மட்டும் 12 சதவீதம்) என்று இருக்கிறதா பாருங்கள். 7,200 என்றால் மேற்கொண்டு மாதம் 13,600 வரை போடலாம், 1,800 என்றால் அதைவிடக் கூடுதலாகப் போடலாம். ஏனென்றால் பிஎஃப்பும் விபிஎஃப்பும் சேர்த்து உங்கள் பங்கு வருடத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகையின் வட்டிக்கு வரி வந்துவிடும். என்பிஎஸ் பணத்தை நினைத்தபோது எடுக்க முடியாது, அதனால் ஆறு மாதச் செலவுக்கான தொகையை வங்கியில் தனியாக வைத்துவிட்டு இதை ஆரம்பியுங்கள்.