காந்த இயற்பியலுக்கும் நினைவாற்றலுக்கும் என்ன தொடர்பு?

அரைகுறைத் துப்பிலிருந்து முழு நினைவு எப்படி மீள்கிறது, அதற்குக் காந்த இயற்பியல் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். 1982-இல் இயற்பியலாளர் ஜான் ஹாப்ஃபீல்ட் தந்த நினைவு மாதிரியில் ஒவ்வொரு நியூரானும் (நரம்பணுவும்) ஒரு குட்டிக் காந்தம் போல: +1 அல்லது −1.

நான்கு நியூரான்களில் (+, −, +, −) என்ற வடிவத்தைப் பதிப்போம். ஒரே குறியுள்ள இரண்டுக்கு இடையே இணைப்பு +1, மாறுபட்டால் −1. இப்போது மூன்றாவதைத் தவறாக − ஆக்குங்கள். மற்ற மூன்றும் இணைப்பு வழியே அதற்கு அனுப்பும் செய்தியைக் (அனுப்பும் நியூரானின் குறி × இணைப்பு) கூட்டினால் 1+1+1 = +3; கூட்டுத்தொகையின் குறியையே நியூரான் ஏற்கும். உடனே அது + ஆகத் திரும்பிவிடும்! ஒவ்வொரு திருத்தத்திலும் ‘ஆற்றல்’, அதாவது குறிகள் இணைப்புகளோடு எவ்வளவு முரண்படுகின்றன என்ற அளவு, குறையும். பள்ளத்தில் உருளும் பந்து அடியில் நிற்பதுபோல, வலையமைப்பு பதித்த நினைவில் வந்து நிற்கும்.

பல வடிவங்களைப் பதித்தால் இதே இணைப்புகளில் அவை ஒன்றோடொன்று மோதும். எத்தனை தாங்கும்? இங்கேதான் ஏராளமான துகள்களின் கூட்டு நடத்தையைக் கணிக்கும் புள்ளியியல் இயற்பியல் கைகொடுத்தது. 1985-இல் அமித், குட்ஃபிராயிண்ட், சொம்பொலின்ஸ்கி என்ற மூன்று இயற்பியலாளர்களும் சுழற்சிக் கண்ணாடி (spin glass: குட்டிக் காந்தங்கள் ஒழுங்கின்றி உறைந்து கிடக்கும் பொருள்) பற்றிய கோட்பாட்டைக் கொண்டு கணக்கிட்டார்கள்: நியூரான் எண்ணிக்கையில் சுமார் 0.138 மடங்கு. ஆயிரம் நியூரானுக்கு ஏறத்தாழ 138 தற்செயல் வடிவங்கள். எனக்கு வியப்பு அந்த எண்ணில் இல்லை, எல்லை தாண்டும் விதத்தில்தான். நினைவு மெல்ல மங்குவதில்லை. நீர் உறைவதுபோல ஒரேயடியாக, எல்லாமே சேர்ந்து மறந்துபோகிறது.