படிச்சவங்க வீட்லதான் ஃபேமிலி டாக்டர் இல்ல

கேள்வி: எனக்கு 54 வயசு, எம்.எஸ்ஸி. முடிச்சிருக்கேன். வீட்டுக்காரருக்கு 61, பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு சுகர், பிரஷர், முட்டி வலி எல்லாம் உண்டு. சுகருக்கு ஒரு டாக்டர், ஹார்ட்டுக்கு ஒருத்தர், முட்டிக்கு ஒருத்தர், இப்ப கால் வீங்குதுன்னு நாலாவதா ஒருத்தர்கிட்ட போய் நீர் போற மாத்திரையும் வாங்கியாச்சு. முட்டி வலி மாத்திரை தினம் போடறார். எங்க வீட்ல சமைக்கற அக்கா அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவங்க, அவங்களுக்கு காய்ச்சலோ பிரஷரோ எல்லாத்துக்கும் பக்கத்து கவர்மென்ட் சுகாதார நிலையம்தான், மாத்திரை வீட்டுக்கே வருது, பிரஷர் கண்ட்ரோல்ல இருக்கு. நியூஜெர்சில இருக்கற பொண்ணு "உங்களுக்குன்னு ஒரு ப்ரைமரி டாக்டர் கூட இல்லையா, படிச்சவங்கதானேம்மா நீங்க"ங்கறா. படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா? மருந்துச் சீட்டு நாலையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன்.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: படிப்பு விஷயத்துக்கு அப்புறம் வர்றேன், மொதல்ல அந்த நாலு சீட்டு. ஹார்ட் டாக்டர் எழுதினது டெல்மிசார்ட்டன், ஆம்லோடிபின்னு ரெண்டு பிரஷர் மருந்து சேர்ந்த மாத்திரை. சுகர் டாக்டர் சீட்டுல கடைசி வரில இன்னொரு மாத்திரை இருக்கு பாருங்க, பேர் வேற, கம்பெனி வேற, ஆனா அட்டைக்குப் பின்னாடி பொடி எழுத்துல படிச்சா அதுவும் அதே டெல்மிசார்ட்டன்தான், சுகர்காரங்களுக்கு கிட்னியை காப்பாத்தறதுக்காக குடுக்கறது. ஆக அவர் ஒரே மருந்தை ரெண்டு பேர்ல முழுங்கிட்டிருக்கார்.

அடுத்து கால் வீக்கம். ஆம்லோடிபின் சாப்பிடற சிலருக்கு கணுக்கால் வீங்கும், டோஸ் கூட கூட இது ஜாஸ்தி, மருந்தை மாத்தினாலோ குறைச்சாலோ பெரும்பாலும் வடிஞ்சிடும், நீர் மாத்திரைக்கு இந்த வீக்கம் அவ்வளவா மசியாது. உங்க வீட்டுக்காரருக்கு இதுதான் காரணம்னு நேர்ல பார்க்காம நான் சொல்ல முடியாது, கிட்னியோ ஹார்ட்டோ கூட காரணமா இருக்கலாம், ஆனா இந்த சந்தேகத்தை ஒருத்தர் எழுப்பியிருக்கணும். எனக்கு கவலை என்னன்னா, டெல்மிசார்ட்டன், நீர் மாத்திரை, தினமும் வலி மாத்திரை, இந்த மூணும் ஒண்ணா சேர்ந்தா கிட்னிக்கு ஆகாது, அதுவும் 60 தாண்டின சுகர் பேஷன்ட்டுக்கு. வலி மாத்திரையே பிரஷரையும் ஏத்தி விடும், அப்புறம் பிரஷர் ஏறுதேன்னு இன்னொரு மாத்திரை சேரும். முட்டி டாக்டர் "தேவைப்பட்டால் மட்டும்"னுதான் எழுதியிருக்கார், அதை தினம்னு ஆக்கினது நீங்க! சரி, எதையும் நீங்களா நிறுத்த வேண்டாம், ஆனா வலி மாத்திரையை தினம் போடணுமான்னு இன்னிக்கே அந்த டாக்டருக்கு போன் பண்ணி கேளுங்க, இந்த வாரத்துக்குள்ள கிட்னி நிலைமை தெரிய ரத்தத்துல கிரியாட்டினினும் பொட்டாசியமும் டெஸ்ட் எடுத்து மொத்த சீட்டையும் ஒரே டாக்டர் முன்னாடி வைங்க.

நாலு பேருமே அவங்கவங்க ஏரியாவை சரியாத்தான் பார்த்திருக்காங்க, நாலையும் சேர்த்து வாசிக்கத்தான் ஆள் இல்ல.

இப்ப உங்க பொண்ணு கேட்டது. அமெரிக்கால படிப்பு ஏற ஏற ரெகுலர் டாக்டர் இருக்கறவங்க ஜாஸ்திங்கறது உண்மைதான். ஆனா அது படிச்சதால வந்த புத்தினு மட்டும் நினைச்சிடாதீங்க. அங்க 65 வயசுக்கு மேல தவிர பெரும்பாலானவங்களுக்கு இன்ஷூரன்ஸ் வர்றது கம்பெனி வழியா, டிகிரி இருந்தா அந்த மாதிரி வேலை, வேலை இருந்தா இன்ஷூரன்ஸ், சில இன்ஷூரன்ஸ் பிளான்ல மொதல்ல ஒரு ப்ரைமரி டாக்டர் பேரைக் குடுத்தாத்தான் ஸ்பெஷலிஸ்ட் பக்கமே போக முடியும். ஸ்கூல் படிப்பை பாதில விட்டு ஹோட்டல் கிச்சன்லயோ கட்டட வேலையிலயோ இருக்கறவருக்கு இந்த சங்கிலில எங்கயோ ஒரு கண்ணி அறுந்திருக்கும், உடம்பு முடியலன்னா லீவ் போட்டா சம்பளம் கட், கடைசில எமர்ஜென்சிக்குத்தான் ஓடுவார். 2010ல சட்டம் போட்டு இன்ஷூரன்ஸை நிறைய பேருக்கு விரிச்சாங்க, இடைவெளி குறைஞ்சுது, போகல. அதனால பொண்ணுகிட்ட சொல்லுங்க, அவளுக்கு டாக்டர் கிடைச்சதுல பாதி புண்ணியம் அவ கம்பெனிக்கு.

நம்ம ஊர்ல சங்கிலி தலைகீழா ஓடுது. இங்க கைல நாலு காசும் கூகுளும் இருந்தா யார் சீட்டும் இல்லாம நேரா கார்டியாலஜிஸ்ட் ரூமுக்கே போயிடலாம், தெரு முனைல இருக்கற எம்.பி.பி.எஸ். டாக்டர் "வெறும் எம்.பி.பி.எஸ்." ஆயிடறார். (அந்த "வெறும்" என்கிற வார்த்தையை எத்தனை கல்யாண வீட்ல கேட்டிருப்பேன்.) உங்க சமையல் அக்காவுக்கு இந்த சாய்ஸ் இல்ல. ஆனா 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல ஒரு தன்னார்வலர் அம்மா வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை குடுக்கறாங்க, யார் மாத்திரையை விட்டாங்கன்னு நோட்டுல இருக்கும். டாக்டர் டிரான்ஸ்ஃபர் ஆகி போனாலும் நர்ஸம்மாவுக்கு முகம் தெரியும். அதுக்காக படிக்காதவங்க எல்லாரும் சௌக்கியம்னு எடுத்துக்காதீங்க, தினக்கூலிக்குப் போறவங்கள்ல நிறைய பேர் ஓ.பி. வரிசைல அரை நாள் நிக்க முடியாம மெடிக்கல் ஷாப்ல நாலு மாத்திரை வாங்கி முழுங்கிட்டு போயிடறாங்க. அந்த அக்கா ஒரு இடத்தோட ஒட்டிக்கிட்டாங்க, அதான் வித்தியாசம்.

ஒட்டிக்கிட்டா என்ன லாபம்னு கேப்பீங்க. நார்வேல 2001ல இருந்து ஒவ்வொருத்தருக்கும் பேர் சொல்லி ஒரு டாக்டர் ஒதுக்கியிருக்காங்க, ஆபீசரோ மீன்பிடிக்கறவரோ எல்லாருக்கும் அதே ஏற்பாடு. 2022ல வந்த ஒரு ஆய்வுல, 15 வருஷத்துக்கு மேல அதே டாக்டர்கிட்ட இருந்தவங்களுக்கு, ஒரு வருஷமா மட்டும் இருந்தவங்களோட ஒப்பிட்டா, சாவும் அவசரமா அட்மிட் ஆகறதும் சுமார் கால் பங்கு குறைவா இருந்துது. பழகின டாக்டர் மட்டுமே காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா அலட்சியப்படுத்தற நம்பரும் இல்ல.

உங்க ஏரியாலயே, ஆட்டோல பத்து நிமிஷத்துல போற தூரத்துல, ஜெனரல் மெடிசினோ ஃபேமிலி மெடிசினோ படிச்சவர், இல்ல நல்லா உக்கார வச்சு பேசற எம்.பி.பி.எஸ். ஒருத்தரைப் பிடிங்க, பேர் மெடிக்கல் கவுன்சில் ரெஜிஸ்டர்ல இருக்கான்னு நெட்லயே பார்த்துக்கலாம். முதல் தடவை ஃபைலை தூக்கிட்டு போகாதீங்க, வீட்ல இருக்கற மாத்திரை அட்டை, ஆயுர்வேத டப்பா, சொட்டு மருந்து எல்லாத்தையும் ஒரு பைல கொட்டி எடுத்துட்டு போங்க, சீட்டுல எழுதாததும் அதுலதான் இருக்கும். எல்லாத்தையும் எடுத்துப் பார்த்து எதையாவது குறைக்க யோசிக்கறவரா இருந்தா அவரையே வச்சுக்கங்க. சுகர் டாக்டரையும் ஹார்ட் டாக்டரையும் விட வேண்டாம், ஆனா அவங்க புதுசா எழுதற ஒவ்வொரு மருந்தும் இவர் கண்ணுல பட்டப்புறம்தான் வீட்டு டப்பாக்குள்ள போகணும். உங்களுக்கும் சேர்த்து அப்பாயின்ட்மென்ட் போடுங்க, லெட்டர் முழுக்க அவர் உடம்பைத்தான் எழுதியிருக்கீங்க, 54 வயசுல உங்க பிரஷர் என்னன்னு ஒரு வரி கூட இல்ல.