கேள்வி: வாரம் 4 நாள் டிஸ்க் கோல்ஃப் (தட்டைக் கூடையை நோக்கி வீசும் ஆட்டம்) ஆடுகிறேன். முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. கை வலுவாக என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: வலது கையால் பேக்ஹேண்ட் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கைப் பக்கமாக) வீசுபவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இடது கை என்றால் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

"175 கிராம் தட்டை வீச எதற்கய்யா வெயிட் தூக்கணும்" என்று யாராவது கீழே வந்து எழுதத்தான் போகிறார்கள். சிக்கல் தட்டின் எடையில் இல்லை. தட்டு போய்விடும், வேகமாகச் சுழன்ற கை நின்றாக வேண்டும். அதைப் பிடித்து நிறுத்துவது தோளைச் சுற்றியுள்ள சிறு தசைகள். உடம்பு திரும்பும் வேகத்தைத் தாங்குவது முன்னால் ஊன்றிய காலும் இடுப்பும். இந்த இரண்டும் சோர்ந்தால் தூரத்துக்காகக் கையால் இழுக்கத் தொடங்குவோம். அந்தப் பளு முழங்கைக்குப் போகும்.

முதலில் வலிக்கும் இடம். மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளின் நாண் முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் வந்து ஒட்டுகிறது. கையைப் பின்னால் நீட்டும்போதே தட்டை இறுக்கிப் பிடித்தால் அந்த நாண் வீச்சு முழுக்க முறுக்கிலேயே இருக்கும். பிடி தளர்வாக ஆரம்பித்து, தட்டு மார்பைத் தாண்டும்போது இறுகினால் போதும்.

மேசை மேல் முன்கையை வையுங்கள். உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். 1 அல்லது 2 கிலோ டம்பெல். மறு கையால் அதை மேலே தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் மட்டும் 4 விநாடி எடுத்து இறக்குங்கள். 15 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். அதுவே தாங்கவில்லை என்றால் மணிக்கட்டை நேராக வைத்து அசையாமல் 30 முதல் 45 விநாடி பிடியுங்கள், 4 தடவை. 10க்கு 3 வரை வலி பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் எடையைக் குறையுங்கள். நாண் மெதுவாகத்தான் தேறும், மூன்று மாதமாவது ஆகும். ஒரு மாதம் ஒன்றுமே செய்யாமல் ஓய்வெடுத்தால் வலி போகும், நாணின் தாங்குதிறனும் சேர்ந்து குறையும். திரும்ப ஆடப்போன முதல் வாரமே வலி வந்து நிற்பது அதனால்தான்.

தோளுக்கு: முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் மடித்த துண்டு ஒன்றைச் செருகி, ரெசிஸ்டன்ஸ் பேண்டை (ரப்பர் இழுபட்டையை) வெளிப்பக்கமாக இழுங்கள். துண்டு விழுந்தால் முழங்கை விலகுகிறது என்று அர்த்தம். 15 தடவை, 3 சுற்று.

இனி இடுப்பு. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். நாற்காலியில் முழங்கால்களை ஒட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு பாதத்தையாக வெளிப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். வலது பாதம் (வீசும்போது ஊன்றும் கால்) இடதைவிடக் குறைவாகப் போனால் அந்த இடுப்பு உள்நோக்கித் திரும்ப மறுக்கிறது. வீசும்போது அந்தத் திருப்பத்தை முழங்காலும் கீழ்முதுகும் ஈடுகட்டும், அவை அதற்கானவை அல்ல. ஊன்றிய பாதம் தரையைக் கவ்வியபடியே நிற்க உடம்பு மட்டும் திரும்பினால் முழங்கால்தான் முறுக்கப்படும். தட்டு கையை விட்டதும் குதிகால் மேல் பாதம் சுழல வேண்டும்.

ஒற்றைக்கால் ருமேனியன் டெட்லிஃப்ட் (ஒரு காலில் நின்று இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து நிமிர்வது), பக்கவாட்டு லஞ்ச் (ஒரு காலைப் பக்கவாட்டில் அகல வைத்து முழங்காலை மடக்கி எழுவது), இரண்டும் காலுக்கு 8 தடவை, 3 சுற்று. கூடவே, பேண்டை ஒரு பக்கம் கட்டி, மார்புக்கு நேராக இரு கையாலும் நீட்டி, உடம்பு திரும்பாமல் 10 விநாடி நிற்பது. கனமான தண்டைத் தோளில் வைத்து வேகமாக இடமும் வலமும் திரும்பும் காணொளிகளைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள்.

தோள், இடுப்புப் பயிற்சிகளுக்கு வாரம் 2 நாள் போதும். ஆட்டமும் பயிற்சியும் ஒரே நாளில் வந்தால் ஆட்டம் முதலில். போட்டிக் காலத்தில் பயிற்சிச் சுற்றுகளைப் பாதியாக்குங்கள், எடையைக் குறைக்க வேண்டாம். வீச்சுகளையும் எண்ணுங்கள்: மைதானத்தில் 'சும்மா' வீசிய 100ம் கணக்கில் சேரும். ஆட்டத்துக்கு முன் 10 நிமிடம் வேக நடை, கால் வீசல், மேல்முதுகைத் திருப்புதல், பிறகு பட்டரில் (குறுந்தூரத் தட்டில்) பாதி வேகத்தில் 10 வீச்சு.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் 2 ஆட்டச் சுற்று வைத்து, நடுவில் நீண்ட இடைவேளை விட்டு, ஆறிப்போன உடம்போடு நேராக டீயில் (முதல் வீச்சு வீசும் இடத்தில்) நிறுத்தும் போட்டி அமைப்பாளர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. இரண்டாம் சுற்றுக்கு முன் வார்ம்-அப்புக்கென்று 15 நிமிடம் அட்டவணையில் ஒதுக்குவதற்கு ஒரு செலவும் இல்லை.

இது மருத்துவ ஆலோசனை அல்ல. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால், வீசும்போது முழங்கையில் 'டப்' என்று சத்தம் கேட்டால், முழங்கால் வீங்கினாலோ பூட்டிக்கொண்டாலோ, முதுகுவலி காலில் இறங்கினால், மேலே சொன்ன எதையும் தொடங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.